நான் கண்ட பொருட்காட்சி

எட்டாம் வகுப்பில் நான் வாங்கிய ஒரு பூஜ்யத்துக்கு இன்றுவரை எனக்குச் சமாதானம் ஆகவில்லை. கணக்கில் வாங்கிய பூஜ்யங்கள் பல. அவை நியாயமானவை, அவற்றின் மேல் எனக்கு வருத்தமில்லை. இது தமிழில், கட்டுரை நோட்டில் விழுந்தது. தலைப்பு: நான் கண்ட பொருட்காட்சி.

எண்பதுகளின் சங்கரன்கோவிலில் பொருட்காட்சி என்பது கேள்விப்பட்ட வஸ்து. மதுரையில் சித்திரைத் திருவிழாவை ஒட்டிப் போடுவார்கள், திருநெல்வேலியில் ஆனித் தேரை ஒட்டிப் போடுவார்கள் என்று சொல்லிக்கொள்வோம். எங்கள் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். பார்த்தவன் ஒருத்தன் கிடையாது. ஆனாலும் நாற்பத்திரண்டு பேர் எழுதிவிட்டார்கள். நாற்பத்திரண்டு பேரும் ஒரு மாலைப் பொழுதில் தந்தையுடன் சென்றார்கள். நாற்பத்திரண்டு பேரின் கண்ணையும் நுழைவாயில் மின்விளக்குகள் பறித்தன. வேளாண்துறை அரங்கைக் கண்டு வியந்தார்கள், மீன்வளத்துறை அரங்கைக் கண்டு மீண்டும் வியந்தார்கள், ராட்டினம் ஏறினார்கள், டெல்லி அப்பளம் தின்றார்கள், ஒன்பது மணிக்குப் பிரிய மனமின்றி வீடு திரும்பினார்கள். அந்த நாற்பத்திரண்டு தகப்பன்மாரில் பாதிப் பேர் அதே மாலையில் தறிக்குழிக்குள் காலை விட்டுக்கொண்டு நாடா ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், அவன்களுக்குத் தெரியும், திருத்திய வாத்தியாருக்கும் தெரியும். எல்லோருக்கும் ஏழு, எட்டு என்று மார்க் விழுந்தது.

நான் பார்த்திருந்த ஒரே பெரிய காட்சி எங்கள் கோயில் ஆடித்தவசுத் திருவிழா. அதை எழுதினேன். ஆடிச்சுற்று சுற்றுகிற பொம்பளைகள் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்து, எண்ணிக்கை தப்பிப்போகாமலிருக்க விரலை மடக்கிக்கொண்டே நடப்பதை எழுதினேன். புற்றுமண் வாங்கிய கையோடு திண்ணையில் தூங்கிப்போன ஒரு கிழவியின் பாதத்தில் கொப்புளம் உடைந்திருந்ததை எழுதினேன். குச்சி ஐஸ் வாங்கித் தின்ற போலீஸ்காரர் காசு கொடுக்காமல் போனதையும், ஐஸ்காரர் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பெட்டியை மூடியதையும் எழுதினேன்.

“ஏலே, இங்க வா. தலைப்பு என்ன?”

“நான் கண்ட பொருட்காட்சி ஸார்.”

“நீ என்னத்தல எழுதியிருக்க?”

“ஆடித்தவசு ஸார்.”

“பொருட்காட்சி எங்க?”

“நான் பாக்கல ஸார்.”

“பாத்தாத்தான் எழுதுவீகளோ? இவம்லாம் பாத்துட்டா எழுதியிருக்கான்?”

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “போலீஸ்காரரு ஐஸுக்குக் காசு குடுக்கலைன்னு எழுதியிருக்கியே, நாளைக்கு ஸ்டேஷன்ல கூப்பிட்டா ஒங்கய்யாவா வருவாரு? போ, போயி விளார் ஒடிச்சிட்டு வா.”

இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அடிக்கிற விளாரை அடி வாங்குகிறவன்தான் ஒடித்து வர வேண்டும். வெளியே புளியமரம். மெல்லிய விளாராக ஒடித்தால் வலி சுள்ளென்று ஏறும். அதற்குப் பயந்து தடித்ததாகக் கொண்டுபோனால், “இது மாடு பத்தவால? வேற ஒடி” என்று திருப்பி அனுப்புவார். ஆகவே கெட்டிக்காரப் பையன்கள் முதல் தடவையே சரியான விளாரை ஒடிக்கக் கற்றுக்கொண்டார்கள். இலையை உருவி, கணுவைச் செதுக்கி, பணிவோடு இரண்டு கையாலும் நீட்டுவார்கள். அந்தப் பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே தொழிற்கல்வி அது. பிற்பாடு இந்த நாட்டில் எழுத்து என்ற தொழிலைப் பார்க்கையில் அது எவ்வளவு தீர்க்கதரிசனமான பாடத்திட்டம் என்று புரிந்தது.

அடிக்குப் பிறகு மன்னிப்புக் கடிதம். ‘இனிமேல் பார்த்ததை எழுத மாட்டேன்’ என்று எழுதச் சொல்லவில்லை, அந்த அளவுக்கு நேர்மையை எதிர்பார்க்கக் கூடாது. ‘இனிமேல் ஒழுங்காக எழுதுவேன்’ என்று எழுதச் சொன்னார்கள். ‘மண்ணிப்பு’ என்று மூன்று சுழி போட்டு எழுதினேன். அதற்குத் தனியாக நாலு. அந்த விளாரையும் நானே போய் ஒடித்து வந்தேன்.

அதற்கப்புறம் நான் கலகக்காரன் ஆனேன் என்று சொன்னால் நன்றாயிருக்கும். கலகம் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருப்பது மதிய இடைவேளைக்குப் பின் சுவரேறிக் குதித்தது மட்டும்தான். மற்றவன்கள் சினிமாவுக்குப் போனார்கள், நான் கிளை நூலகத்துக்குப் போனேன். இரண்டு குற்றத்துக்கும் ஒரே தண்டனை. சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் எங்களுடையது, 1948இல். வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கிறார்கள். அப்பன் கட்டிய வரியில் வாங்கிய புஸ்தகத்தை மகன் வாசிக்கப் போனால் முட்டி போட வைப்பார்கள். “கதப்பொஸ்தகமா படிக்க? உருப்படுவியால நீ?” உருப்படவில்லை. எழுத்தாளன் ஆனேன்.

என் கதை சின்னக் கதை. பெரிய கதை பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து கழுகுமலை வழியாகக் கோவில்பட்டிக்குப் போய், அங்கிருந்து திருநெல்வேலி சாலையில் கொஞ்ச தூரம் போனால் இடைசெவல். ஒரே தெருக்காட்டில் இரண்டு சாகித்ய அகாதமியைப் பெற்ற ஊர். ஒருவர் கு. அழகிரிசாமி, இன்னொருவர் கி. ராஜநாராயணன். இதில் கி.ரா. பள்ளிப் படிப்பை முடிக்காதவர். தான் மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், ஒதுங்கியபோதும் பாடத்தைக் கவனிக்காமல் மழையையே வேடிக்கை பார்த்ததாகவும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கேட்டவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். பெரிய மனுஷருடைய நகைச்சுவை என்று எழுதிக்கொண்டார்கள். அதில் ஒரு குற்றப்பத்திரிகை இருப்பதைக் கல்வித்துறை மட்டும் கவனிக்கவேயில்லை. ஒரு பையன் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறான், அங்கே பார்க்க லாயக்கானது வெளியே பெய்த மழை ஒன்றுதான் என்றால், அதற்குப் பெயர் நகைச்சுவையா?

அந்த ஆள் விவசாயிகள் போராட்டத்தில் இரண்டு தடவை சிறைக்குப் போனார். 1958இல்தான் ‘சரஸ்வதி’ பத்திரிகையில் முதல் சிறுகதை வந்தது. முப்பத்தைந்து வயதுச் சம்சாரி. பிறகு கரிசல் காட்டுப் பேச்சையெல்லாம் சேகரித்து அகராதி போட்டார். எந்தச் சொல்லைப் பரீட்சைத் தாளில் எழுதினால் சிவப்பு மையில் சுழித்து ‘கொச்சை’ என்று பக்கவாட்டில் எழுதுவார்களோ, அந்தச் சொற்களுக்கு அகராதி. புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டு நாட்டார் வழக்காற்றியலுக்குப் பேராசிரியர் ஆக்கியது. 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு அகாதமி விருது. 2021 மே 17ஆம் தேதி இறந்தார். அரசு மரியாதையோடு இடைசெவலில் அடக்கம். உயிரோடிருந்தபோது பிடித்துக்கொண்டு போன அதே காவல்துறை, செத்தபின் அணிவகுத்து நின்று மரியாதை செய்தது. நமது அரசுகளுக்கு எழுத்தாளன் மேல் பிரியமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவன் மூச்சு நிற்கிற வரைக்கும்தான் கொஞ்சம் தயக்கம்.

இதோடு விட்டார்களா? கோவில்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது. 2022இல் திறந்தார்கள். அது நல்லதுதான், நானும் போய்ப் பார்த்தேன். அவர் இறந்த கையோடு இன்னொரு அறிவிப்பும் வந்திருந்தது: அவர் படித்த இடைசெவல் பள்ளிக்கூடம் புதுப்பிக்கப்படும், மாணவர்கள் அவர் படங்களையும் படைப்புகளையும் அறிந்துகொள்ள அங்கேயே ஓர் அரங்கம் அமைக்கப்படும். வாசித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்தாரோ அந்தக் கூரைக்கே அவர் பெயரால் செப்பனிடும் பணி. இனி அந்த ஓடு ஒழுகாது. உள்ளே இருக்கிற பிள்ளைகளுக்கு மழையைப் பார்க்கிற ஆபத்து நீங்கியது.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ‘கோபல்லபுரத்து மக்கள்’ இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஓடி, ஞானபீடம் வரை போன ஜெயகாந்தனும் அதே புத்தகத்தில் இருக்கிறார். பத்தாம் வகுப்பு வாசலையே மிதிக்காத இரண்டு பேர், பத்தாம் வகுப்பு பாஸாவதற்கான பாடமாக அச்சாகியிருக்கிறார்கள். சரி, இதிலாவது பெருமைப்படலாம் என்று நினைத்தால், அங்கேயும் நோட்ஸ் வந்துவிட்டது. முன்னுரை, உள்தலைப்பு நான்கு, முடிவுரை. உள்தலைப்புக்கு அடிக்கோடு போட வேண்டும், போடாவிட்டால் மார்க் குறையும். கி.ரா.வே எழுந்து வந்து தன்னைப் பற்றிய கேள்விக்குத் தானே பதில் எழுதினாலும் ஃபெயில்தான். ‘பெஞ்சது’, ‘கம்மாய்’ என்று எழுதித் தொலைத்திருப்பார். போதாக்குறைக்கு, தலைப்பை விட்டுவிட்டு எதிர்வீட்டுச் சம்சாரி எப்படி மூக்குப்பொடி போடுவான் என்று நாலு பக்கம் போயிருப்பார்.

பாரதியை இவர்கள் செய்து வைத்திருப்பதைச் சொல்லவே வேண்டாம். எந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரிலும் முண்டாசு உண்டு. மாறுவேடப் போட்டி என்றால் யூகேஜி பிள்ளைகளில் பத்துப் பேருக்கு மைமீசை வரைந்து, “ரௌத்திரமா பாரு கண்ணு” என்று அம்மாமார்கள் படமெடுப்பார்கள். அந்த மீசைக்காரர் 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கடலூர் எல்லைக்குள் கால் வைத்ததும் பிடித்து உள்ளே போட்டார்கள். மூன்று வாரத்துக்கு மேல் காவல். வெளியே விட்டபோது நிபந்தனை: சொன்ன எல்லைக்குள்தான் வசிக்க வேண்டும், எழுதுவதைப் போலீஸ் அதிகாரியிடம் காட்டி அனுமதி வாங்கிய பிறகே வெளியிட வேண்டும். அப்படி வந்து தங்கிய ஊர்தான் கடையம், எங்கள் தென்காசி மாவட்டத்தில். மகாகவி கட்டுரை நோட்டைத் தூக்கிக்கொண்டு ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் நிற்கிற காட்சி அது. அந்தக் காட்சிக்கு மாறுவேடப் போட்டியில் இடமில்லை. முண்டாசைக் கட்டிவிட்டுப் பிள்ளையின் கையில் ஒரு நிபந்தனைக் கடிதத்தையும் கொடுத்தால் வேஷம் பூர்த்தியாகும், யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளைக்காரன் கெட்டவன், அவன் அப்படித்தான் செய்வான் என்றால், 2015 ஜனவரியில் நாமக்கல்லில் யார் இருந்தார்கள்? ‘மாதொருபாகன்’ நாவலை எழுதிய பெருமாள்முருகனை அதிகாரிகள் முன்னிலையில் சமாதானக் கூட்டம் என்று உட்காரவைத்து, நிபந்தனையில்லாத மன்னிப்பை எழுத்தில் வாங்கினார்கள். அவர் அரசுக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். எத்தனையோ கட்டுரை நோட்டைத் திருத்திய கை, கடைசியில் ‘இனிமேல் ஒழுங்காக எழுதுவேன்’ என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டது. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் உயர்நீதிமன்றம் அவரை எழுதச் சொல்லித் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மறுபடி மூச்சு வந்தது. விளாரை அடி வாங்குகிறவனே ஒடித்து வர வேண்டும் என்ற எங்கள் பள்ளிக்கூட விதி, மாவட்ட நிர்வாகத்துக்கும் பொருந்தியது பாருங்கள். யூனிஃபார்ம் மட்டும்தான் வேறு.

இத்தனையும் எழுத்தாளர்களுடைய சங்கடம், அது அவர்கள் தொழில் ஆபத்து என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ‘பார்த்ததை எழுதாதே’ என்ற பாடம் எழுத்தாளர்களுக்காக ஏற்பட்டதா என்ன? பார்க்கக் கூடாத ஒன்று வகுப்பறையில் இருக்கிறது. அதற்காக ஏற்பட்டது.

எங்கள் ஊர் நூலில் பிழைக்கிற ஊர். பாவு, ஊடை, தார், சாயம் எல்லாம் பேச்சோடு பேச்சாக வரும். நூலைத் தொட்டே இத்தனாம் நம்பர் என்று சொல்கிற கைகள் இங்கே உண்டு. அந்தத் திறமையின் அடுத்த கட்டமாகத்தான் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பையன்களின் மணிக்கட்டுக்கு நூல் வந்தது. சிவப்பும் மஞ்சளும் ஒரு கூட்டம், பச்சை இன்னொரு கூட்டம், காவி மற்றொரு கூட்டம். நிறத்தைப் பார்த்தால் சாதி தெரிந்துவிடும், யார் யாரோடு கபடி ஆடலாம் என்று தெரிந்துவிடும். பெயர் கேட்டு, ஊர் கேட்டு, தெருக் கேட்டு, சுற்றி வளைத்துச் சாதியைக் கண்டுபிடிக்க நம் பெரியவர்கள் எவ்வளவு சிரமப்பட்டார்கள். பிள்ளைகள் அதை ஒரு முழக் கயிற்றில் முடித்துவிட்டார்கள். இதுதான் நம் கல்வியின் ‘எளிய முறையில் கற்றல்’. எந்தச் சாயமும் பத்துத் துவைப்பில் வெளிறும். இந்தச் சாயம் வெளிறாது.

2019இல் பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் சிலர் இதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்கள். புதியவர்கள், பார்த்ததை எழுதக் கூடாதென்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும். அதை வைத்துப் பள்ளிக்கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார்: கயிறு கட்டுகிற பள்ளிகளைக் கண்டுபிடியுங்கள், தடுத்து நிறுத்துங்கள் என்று. சில நாளில் துறை அமைச்சருக்கு அந்தச் சுற்றறிக்கை தெரியவே தெரியாது என்றார்கள். பழைய நிலையே தொடரும் என்றார்கள். கயிறு தெரியவில்லை, சுற்றறிக்கை தெரியவில்லை. நாற்பத்திரண்டு பேருக்கும் பொருட்காட்சி மட்டும் தெரிந்தது.

சங்கரனும் நாராயணனும் ஒரே உடம்பில் பாதிப்பாதியாக நிற்கிற கோயில் எங்களுடையது. எந்தச் சாமி பெரிது என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்கள் சண்டை போட்டதாகவும், அம்மன் தவமிருந்து கேட்டதால் இரண்டும் ஒன்றே என்று சாமி காட்சி கொடுத்ததாகவும் தலபுராணம். அந்தக் காட்சியைப் பார்க்கத்தான் ஆடித்தவசுக்கு லட்சம் ஜனம் கூடுகிறது. பாம்புகளுக்குப் புரிந்துவிட்டது. மனுஷர்களுக்கு ஆண்டுதோறும் காட்டிக்கொண்டேயிருக்கிறார்கள்.

அதே சங்கரன்கோவில் தாலுகாவில்தான் பாஞ்சாகுளம் இருக்கிறது. 2022 செப்டம்பர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடையில் தின்பண்டம் வாங்கப் போகிறார்கள். கடைக்காரர் கொடுக்கவில்லை. ஊர்க் கட்டுப்பாடு வந்துவிட்டது, உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இனிப் பண்டம் கிடையாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்புகிறார். பிள்ளைகளுக்கு முதலில் விளங்கவில்லை. கட்டுப்பாடு என்றால் என்ன என்று கேட்கிற வயது. இவ்வளவையும் யாரும் ஒளிந்திருந்து படமெடுக்கவில்லை. கடைக்காரர் தரப்பே செல்போனில் எடுத்து, தாங்களாகவே அனுப்பி, அது நாடெல்லாம் சுற்றியது. கடைக்குச் சீல் வைத்தார்கள், கைது செய்தார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஊருக்குள் நுழையவும் தடை வாங்கினார்கள். சட்டம் தன் கடமையைச் செய்தது.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க இருந்தது. மறுநாள் காலையில் அந்தப் பிள்ளைகள் வகுப்பில் போய் உட்கார்ந்தபோது, ‘நான் கண்ட கடை’ என்று யாராவது கட்டுரை எழுதச் சொன்னார்களா? சொல்லியிருந்து, ஒரு பிள்ளை தான் பார்த்ததை அப்படியே எழுதியிருந்தால், நம்மில் எந்த வாத்தியார் பத்துக்குப் பத்து போட்டிருப்போம்? ‘தலைப்பை விட்டு விலகிச் செல்கிறது’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்க மாட்டோமா?

அடுத்த ஆண்டு அதற்கும் பதில் கிடைத்தது. 2023 ஆகஸ்ட், நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சில நாளாகப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்டார்கள். உடன் படிக்கிறவர்கள் சாதி சொல்லிப் படுத்துகிற பாட்டைச் சொன்னான். எழுதிக் கொடு என்றார்கள். எழுதிக் கொடுத்தான். தன் வாழ்க்கையில் தான் கண்டதை, கேட்டதை, பட்டதை, முன்னுரையும் முடிவுரையும் இல்லாமல் எழுதிக் கொடுத்தான். அன்று இரவு அரிவாள் அவன் வீட்டுக்குள் வந்தது. தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அதே பள்ளிக்கூடத்துப் பையன்கள். பாடம் கேட்டவர்கள், பாரதி வேஷம் கட்டியவர்கள், ‘நான் கண்ட பொருட்காட்சி’ எழுதி ஏழும் எட்டும் வாங்கியவர்கள்.

அந்தப் பையன் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து, பரீட்சை எழுதி, அறுநூற்றுக்கு 469 வாங்கினான். உடனே எல்லோரும் ஓடிப்போய்ப் பாராட்டினோம். மார்க் வாங்கியதும் நமக்கு நிம்மதி வந்துவிட்டது. மார்க்குத்தானே நமக்குத் தெரிந்த மருந்து. 469க்குப் பதிலாக 169 வாங்கியிருந்தால் அவன் மேல் விழுந்த வெட்டுக்கு வலி குறைவா என்று யாரும் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் வழி சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கயிறு, மோதிரம், நெற்றிக்குறி இவற்றைக் கொண்டு சாதி காட்டுவதைத் தடுக்க வேண்டும், பள்ளிகளின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிற சாதியை நீக்க வேண்டும் என்றெல்லாம் வரிசையாகச் சொன்னார். சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு கவுன்சிலர் அந்த அறிக்கையின் நகலைக் கிழித்தே போட்டார். எனக்கு அவர் மேல் கோபமில்லை. கட்டுரை நோட்டைக் கிழித்து முகத்தில் எறிகிற வாத்தியார் ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்திலும் இருந்தார். பழகிய காட்சிதான்.

பிரம்புக்குத் தடை 2003இலேயே வந்தாயிற்று, கல்வி விதியையே திருத்தினார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிக்கவும் கூடாது, மனசைப் புண்படுத்தவும் கூடாது என்கிறது. புளியமரம் பிழைத்தது, அதில் எனக்குச் சந்தோஷம். அடி போன தைரியத்தில் பையன்கள் கேள்வி கேட்கிறார்களா? அதற்கும் பதில் இருக்கிறது: “மாணவர்கள் படிப்பில் மட்டும் கவனம் செலுத்த வேண்டும்.” 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்து, சிறைக்குப் போய், குண்டடிபட்டு, அதன் சூட்டில் 1967இல் ஆட்சி மாறிய மாநிலம் இது. அந்தச் சிறையிலிருந்து வந்தவர்களில் பா. செயப்பிரகாசம் போன்ற கரிசல் எழுத்தாளர்களும் உண்டு. அன்றிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரும், தான் ஏறி வந்த ஏணியைப் பள்ளிக்கூடத்து மரச்சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, மாணவ மணிகளுக்கு அறிவுரை சொல்கிறார்.

இவ்வளவு கோபப்படுகிறவன் என்ன செய்தான் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேளுங்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். தலைப்பு, ‘கி.ரா.வின் வாழ்வும் எழுத்தும்’. பொன்னாடை போர்த்தினார்கள். “நம்ம ஊர் எழுத்தாளர், சின்ன வயசுல ரொம்பக் குறும்பு பண்ணவரு” என்று தலைமையாசிரியர் மைக்கில் சொல்ல, பிள்ளைகள் உத்தரவுக்குக் காத்திருந்து கைதட்டினார்கள். சாயங்காலம் விடைத்தாள் கட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

நாற்பதுக்கு மேல் தாள். எல்லாவற்றிலும் கி.ரா. கரிசல் இலக்கியத்தின் தந்தை. எல்லாவற்றிலும் அவர் ‘எளிய குடும்பத்தில் பிறந்து வளர்ந்து’ சிறந்தார். எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. யாரோ ஒருவருடைய நோட்ஸில் இருந்த பிழை வரிசை தப்பாமல் கடைசி பெஞ்ச் வரைக்கும் போயிருந்தது. இருபதாவது தாளுக்கு மேல் நான் ஊன்றிப் படிக்கவில்லை, கையெழுத்தைத்தான் பார்த்தேன்.

ஒரு தாளின் தலையில் மட்டும் இரண்டு வரி எழுதி அடித்திருந்தது. சும்மா ஒரு கோடு இழுக்கவில்லை, யாரும் படித்துவிடக் கூடாது என்று அழுத்தி அழுத்தி, தாள் நைந்துபோகிற மாதிரி. அதற்குக் கீழே ‘முன்னுரை’ என்று அடிக்கோடு போட்டு, கரிசல் இலக்கியத்தின் தந்தை ஆரம்பமாகியிருந்தார். நான் தாளை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது.

‘எங்க ஊர்ல மழ பெஞ்சா எங்க தெருவுக்கு மட்டும்’

அதோடு நின்றிருந்தது. மழை பெய்தால் அந்தத் தெருவுக்கு மட்டும் என்ன ஆகும் என்று எழுதுவதற்குள் பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது. நாங்கள் யாரும் அடிக்கவில்லை. விளாரை அதுவே போய் ஒடித்து, இலையை உருவி, கணுவைச் செதுக்கி எடுத்து வந்திருந்தது.

முதல் பரிசை நான் கையெழுத்து அழகாயிருந்த தாளுக்குக் கொடுத்தேன். போட்டிக்கு விதிமுறை இருந்தது, அடித்த வரிக்கு மார்க் போட அதில் இடமில்லை. பரிசளிப்பு விழாவில் அந்தப் பிள்ளை எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. நான் பேசி முடித்ததும் எல்லாரோடும் சேர்ந்து அதுவும் கைதட்டியிருக்கும்.